தொழுநோயாளரின் தோழர்

நுழையும்முன்

உதவுவோர் உயரத்திலும் உதவி பெறுவோர் தாழ்விலும் நிற்கும்வரை இருவருக்கும் இடையே ஒரு தொலைவு இருந்துகொண்டே இருக்கும். அத்தொலைவைக் கடந்து, துன்புறுவோரின் அருகில் சென்று அமர்பவர் சிலரே. ஊராரும் உறவினரும் அரசும் ஒதுக்கிய மக்களிடையே தாமே விரும்பிச் சென்று, பதினாறு ஆண்டுகள் அவர்களுள் ஒருவராக வாழ்ந்து மறைந்தவர் தந்தை தமியான். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைப் பருவம்

பெல்ஜியம் நாட்டில் திரெமலோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், உழவும் தானிய வணிகமும் செய்துவந்த குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகத் தமியான் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் யோசேப்பு. அவர் உறுதியான உடலும் உழைப்பில் விருப்பமும் உடையவராக வளர்ந்தார். ஏர்க்கருவிகளையும் தச்சுக் கருவிகளையும் கையாளப் பழகினார். பிற்காலத்தில் அவருடைய தொண்டுக்கு நூலறிவைக் காட்டிலும் மிகுதியாகத் துணைநின்றது இந்தக் கைப்பழக்கமே ஆகும்.

மகன் தம் வணிகத்தை ஏற்று நடத்துவான் என்று தந்தை எதிர்பார்த்தார். பிரெஞ்சு மொழி கற்று வரும்படி அவரை வேறோர் ஊருக்கும் அனுப்பினார். யோசேப்பின் உள்ளமோ துறவு வாழ்க்கையை நாடியது. அவருடைய அண்ணன் லூவேன் நகரில் இயேசு மரியின் திருஇருதயங்கள் சபையில் முன்னரே சேர்ந்து, பாம்பில் என்னும் துறவறப் பெயர் பெற்றிருந்தார். 1859ஆம் ஆண்டில் தம்பியும் அதே சபையில் சேர்ந்தார். தமியான் என்பது அங்கு அவர் ஏற்ற பெயர்.

இலத்தீன் அறியாத இவ்விளைஞர் குருத்துவக் கல்விக்குத் தகுதியற்றவர் என்று சபையினர் முதலில் கருதினர். உடலுழைப்புப் பணிகளுக்குரிய துறவியாகவே அவரை ஏற்றுக்கொண்டனர். அதற்காகத் தமியான் மனம் சோரவில்லை. தம் அண்ணனிடம் சிறிது சிறிதாக இலத்தீன் கற்றார். அவருடைய விடாமுயற்சியைக் கண்ட தலைவர்கள் பின்னர்க் கருத்தை மாற்றிக்கொண்டு, குருத்துவக் கல்விக்கு இசைவளித்தனர். தொலைநாடு சென்று பணியாற்றும் வாய்ப்பு வேண்டி, அவர் நாள்தோறும் புனித சவேரியாரின் படத்தின் முன் நின்று மன்றாடினார் என்பர். நம் முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அதே சவேரியார்தாம் இவர்.

அண்ணனுக்கு மாற்றாக

1863ஆம் ஆண்டில் பாம்பில் அடிகளார் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பயணத்துக்கான ஏற்பாடுகள் முடிந்த நிலையில் அவர் கடுங்காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தார். அப்போது தமியான், அண்ணனுக்கு மாற்றாகத் தம்மை அனுப்புமாறு பாரிசு நகரில் இருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகவே மடல் எழுதினார். குருப்பட்டம்கூடப் பெறாத மாணவர் ஒருவர் தமக்கு மேலுள்ளோரைக் கடந்து இவ்வாறு எழுதியது பலருக்கு வியப்பளித்தது. ஆயினும் இசைவு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

நான்கு மாதங்களுக்கும் மேலான கடற்பயணத்துக்குப்பின், 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19ஆம் நாள் அவர் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தார். இரண்டு மாதங்கள் கழித்து அந்நகரின் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் பணியாற்றினார். எரிமலைச் சரிவுகளிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடந்த ஊர்களுக்குக் குதிரை மீதும் கால்நடையாகவும் சென்றார். மக்களின் மொழியைக் கற்றார். அவர்கள் உண்ட உணவையே உண்டார். மரம் அறுத்துச் சுமந்து சிற்றாலயங்களைத் தம் கைகளாலேயே எழுப்பினார்.

பிரிக்கும் நோய்

அக்காலத்தில் ஹவாய் மக்கள் பெருந்துன்பத்தில் உழன்றனர். வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்திறங்கிய நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுடைய உடலுக்கு இல்லை. அதனால் மக்கள்தொகை விரைந்து குறைந்தது. அந்நோய்களுள் ஒன்று தொழுநோய். அதற்கு அன்று மருந்து இல்லை. அது எவ்வாறு பரவுகிறது என்பதும் தெளிவாக விளங்கவில்லை. எனவே, மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் ஆட்சியில், 1865ஆம் ஆண்டு, தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. மொலோக்காய்த் தீவின் வடகரையில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதன் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருந்தது. நான்காம் பக்கத்தில் ஏறத்தாழ அறுநூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர் நின்றது. இயற்கையே அமைத்த சிறை என்று அதனைக் கூறலாம்.

1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயாளரின் முதல் குழு அங்கு இறக்கிவிடப்பட்டது. குழந்தை தாயைப் பிரிந்தது. கணவன் மனைவியைப் பிரிந்தான். ஹவாய் மக்கள் தொழுநோய்க்குத் தம் மொழியில் பிரிக்கும் நோய் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். உடலை அரிப்பதைவிட உறவை அறுப்பதே அந்நோயின் பெருங்கொடுமை என்பதை அப்பெயர் உணர்த்துகிறது. பிரிய மனமில்லாத உறவினர் சிலர், நோயில்லாத நிலையிலும் உடன்சென்று அங்கேயே வாழ்ந்தனர்.

நோயாளர் தாமே பயிரிட்டு உண்பர் என்று அரசு எண்ணியது. விரல் இழந்தோரும் நடக்க இயலாதோரும் எவ்வாறு பயிரிடுவர்? உணவும் உடையும் போதிய அளவில் வரவில்லை. நிலையாகத் தங்கும் மருத்துவர் இல்லை. வலியோர் மெலியோரின் பொருளைப் பறித்தனர். இறந்தோரை முறையாக அடக்கம் செய்யவும் ஆளில்லை. நாளை என்ற ஒன்று இல்லாதவரிடம் ஒழுங்கும் நம்பிக்கையும் தளர்ந்து போனதில் வியப்பில்லை.

நால்வருள் முதல்வர்

மொலோக்காயில் தங்கிப் பணியாற்ற ஒரு குரு வேண்டும் என்ற கோரிக்கை ஆயர் மெக்ரேயை வாட்டியது. அங்குச் செல்லுமாறு ஒருவரைப் பணிப்பது அவரைச் சாவுக்கு அனுப்புவதற்கு ஒப்பானது என்று அவர் தயங்கினார். 1873ஆம் ஆண்டு மே மாதம் குருக்கள் கூடியிருந்தபோது தம் மனக்கவலையை அவர்களிடம் வெளியிட்டார். யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. நான்கு இளங்குருக்கள் தாமாகவே முன்வந்தனர். முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகச் சென்று வருவது என முடிவாயிற்று. முதல் முறை தமியானுக்கு அமைந்தது.

மே 10ஆம் நாள் ஆயருடன் அவர் மொலோக்காயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. தங்குவதற்கு வீடு இல்லை. ஆலயத்தின் அருகே நின்ற ஒரு தாழை மரத்தின் அடியே அவருடைய முதல் உறைவிடம் ஆயிற்று. சில நாள்களிலேயே, தம்மை அங்கு நிலையாக இருக்க விடுமாறு அவர் மேலிடத்துக்கு எழுதினார். முறைமாற்றம் நிகழவே இல்லை. முதலாவதாகச் சென்றவரே இறுதிவரை தங்கினார்.

கைகள் ஆற்றிய தொண்டு

தொடக்க நாள்கள் எளிதாக இல்லை. புண்களிலிருந்து எழுந்த நாற்றத்தைத் தாங்க இயலாமல் வழிபாட்டின் இடையே ஆலயத்தை விட்டு வெளியே ஓட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியது. அந்நாற்றத்தை மறக்கவே அவர் புகைக்குழாய் பிடிக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். அருவருப்பே தோன்றாத மனம் அவருக்கு இயல்பாக வாய்க்கவில்லை. அருவருப்பை நாள்தோறும் வென்ற மனமே அவரிடம் இருந்தது.

நோயாளரைத் தொடுவதைக் குறித்து எச்சரிக்கைகள் பல இருந்தன. எட்ட நின்று பேசலாம். வாயிற்படியில் பொருளை வைத்துவிட்டுத் திரும்பலாம். ஆனால், பல ஆண்டுகளாகப் பிறர் தொடுதலையே அறியாத மக்களுக்கு எட்ட நின்று கூறும் ஆறுதல் ஆறுதலாகுமா? தமியான் அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களின் குடிசைகளில் அமர்ந்து, ஒரே கலத்திலிருந்து அவர்களோடு உணவு உண்டார். தம் புகைக்குழாயையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார். இது துணிவா, முன்னெச்சரிக்கையின்மையா என்று இன்றும் கேட்கலாம். தீண்டாமல் தொண்டாற்ற முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்குரிய விலையையும் அறிந்தே இருந்தார்.

அவருடைய சமயப்பணியும் உடலுழைப்பும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. காலையில் திருப்பலி நிறைவேற்றியவர் அதன்பின் வாளும் சுத்தியலும் ஏந்தினார். தொலைவிலிருந்த நீர்நிலையிலிருந்து குடியிருப்புக்கு நீர் கொண்டுவர அரசிடம் குழாய்களைக் கேட்டுப் பெற்று, உடல்வலிமை எஞ்சியிருந்த நோயாளரின் துணையுடன் அவற்றைப் பதித்தார். புயல் குடிசைகளைச் சாய்த்தபோது மரப்பலகைகளை வரவழைத்து, தரையிலிருந்து உயர்த்திய வெண்ணிற வீடுகளை அமைத்தார். ஆலயத்தை விரிவாக்கினார். பெற்றோரை இழந்த சிறுவருக்கும் சிறுமியருக்கும் தனித்தனி இல்லங்களை ஏற்படுத்தினார். பாடகர் குழுவும் இசைக்கருவிக் குழுவும் தோன்றின. விரல்களை இழந்த இருவர் அருகருகே அமர்ந்து, எஞ்சிய விரல்களைக் கொண்டு ஒரே இசைப்பெட்டியை இசைத்தனர் என்று கூறுவர்.

இறந்தோருக்கு அவர் செய்த பணி தனியே எண்ணத்தக்கது. துணியில் சுற்றி மேலோட்டமாகப் புதைக்கப்பட்டு வந்தவர்களுக்கு அவர் தம் கைகளாலேயே சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார், இறுதி மன்றாட்டுடன் அடக்கம் செய்தார். இவ்வாறு அவர் செய்த பெட்டிகள் நூற்றுக்கணக்கானவை. இறப்புக்குப் பின்னும் தமக்கு மதிப்பு உண்டு என்று அறிந்த மக்கள், இருக்கும் நாள்களை மதிப்புடன் வாழத் தலைப்பட்டனர். தம் சபையைச் சாராதோருக்கும் அவர் அதே அன்புடன் உதவினார். தொழுநோயுற்ற மனைவியைப் பிரியாமல் உடன்வந்து வாழ்ந்த நாப்பேலா என்பவர் வேறொரு கிறித்தவச் சபையைச் சார்ந்தவர். அவரும் தமியானும் நண்பர்களாகவே பழகினர்.

தனிமை

நோயாளருக்கு விதித்த கட்டுப்பாடு ஒருகட்டத்தில் தமியானுக்கும் விதிக்கப்பட்டது. தீவைவிட்டு வெளியே வர அவருக்குத் தடை இருந்தது. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். தலைவர் இறங்கவோ, தமியான் ஏறவோ இசைவு கிடைக்கவில்லை. எனவே, தமியான் சிறு படகில் நின்றபடியே, கப்பல் தளத்தில் நின்ற தலைவரை நோக்கி உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் தம் பாவங்களை அறிக்கையிட்டார். ஒரு குருவின் செவிக்கு மட்டுமே மறைவாகச் சொல்ல வேண்டியதைப் பலர் கேட்கச் சொல்ல நேர்ந்தது. அதற்கும் அவர் நாணவில்லை.

நாம் என்னும் சொல்

முன்னிலையாரையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு பேசும் சொல்லை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று கூறும். நாங்கள் என்பது கேட்போரை விலக்கி நிற்கும். நாம் என்பது அவர்களையும் தழுவிக்கொள்ளும். தமியான் தம் மறையுரைகளில் நோயாளரைத் தம்மிலிருந்து வேறாக்கிப் பேசவில்லை. நலமுடன் இருந்த தொடக்க நாள்களிலேயே, தொழுநோயாளராகிய நாம் என்னும் முறையிலேயே அவர் பேசி வந்தார்.

1884ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஒருநாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தார். தோல் வெந்தது, வலி தெரியவில்லை. தொழுநோயின் அடையாளம் உணர்விழப்பு என்பதை அவர் நன்கு அறிவார். அடுத்த ஆண்டில் மருத்துவரும் அதனை உறுதிப்படுத்தினார். அன்புமிகுதியால் அவர் வழங்கி வந்த நாம் என்னும் சொல் அன்றுமுதல் நேர்ப்பொருளிலேயே உண்மையாயிற்று.

நோய் முற்றுவதற்குள் முடிக்க வேண்டியவை பல என்று உணர்ந்த அவர் முன்னினும் விரைந்து உழைத்தார். 1886ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவ முறையை அறிய ஹொனலூலு சென்று, அந்த நீராடல் மருத்துவத்தைத் தம் மக்களுக்காகக் கொண்டுவர முயன்றார். அதே ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரரான யோசேப்பு டட்டன் வந்து அவருடன் இணைந்தார். 1888ஆம் ஆண்டில் கன்ரார்டி என்னும் குருவும், அன்னை மரியான் கோப் தலைமையில் பிரான்சிஸ்கன் அருட்சகோதரியரும் வந்து சேர்ந்தனர். தாம் தொடங்கிய பணி தமக்குப்பின் நின்றுவிடாது என்ற நிறைவு தமியானுக்குக் கிடைத்தது.

புகழும் பழியும்

தமியானின் பெயர் மெல்ல மெல்ல உலகெங்கும் பரவியது. 1881ஆம் ஆண்டில் ஆட்சிப்பொறுப்பு வகித்த இளவரசி லிலியுகலானி மொலோக்காய்க்கு வந்து நோயாளரின் நிலையைக் கண்டு கலங்கினார். பின்னர்த் தமியானுக்கு அரசின் உயரிய விருதை வழங்கினார். அவரோ அந்தப் பதக்கத்தை அணிந்து திரியவில்லை. பெட்டியில் வைத்துவிட்டுத் தச்சுவேலைக்குத் திரும்பினார். இங்கிலாந்தில் ஆங்கிலிகன் குரு ஒருவர் அவருடைய பணிக்காக நிதி திரட்டி அனுப்பினார். சபை வேறுபாடுகள் ஆழமாக இருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

புகழ் வந்த வழியே மனவேதனையும் வந்தது. அவர் விளம்பரத்தை நாடுகிறார் என்று அவருடைய சபை மேலோரே ஐயுற்றனர். பிறர் செய்த பணிகள் மறைந்துபோயின என்றும் குறை கூறினர். பலகை, துணி, மருந்து என ஓயாது கேட்டு எழுதும் அவரை அரசு அலுவலர் சிலரும் தொல்லையாகக் கருதினர். நோயின் வலியைவிட இந்த ஐயம் அவரை மிகுதியாக வருத்தியது. ஆயினும், பெயர் வேண்டிப் பணி செய்யாதவர் பெயர் கெட்டபோதும் பணியை நிறுத்த வேண்டியதில்லை. அவர் நிறுத்தவில்லை.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் தமியான் இயற்கை எய்தினார். முதல் நாள்களில் தமக்கு நிழல் தந்த தாழை மரத்தின் அடியிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த சில மாதங்களிலேயே, ஹொனலூலுவில் வாழ்ந்த போதகர் ஒருவர் எழுதிய மடல் இதழ்களில் வெளியாயிற்று. தமியான் முரட்டுத்தனமும் பிடிவாதமும் உடையவர் என்று கூறிய அம்மடல் அவருடைய ஒழுக்கத்தையும் பழித்தது. அதற்கு மறுப்பு எழுதியவர், புதையல் தீவு என்னும் புகழ்பெற்ற புதினத்தைப் படைத்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவர் தமியானின் சபையைச் சார்ந்தவர் அல்லர். தமியான் மறைந்த சில வாரங்களில் மொலோக்காய்க்குச் சென்று ஒரு வாரம் தங்கியவர். தமியானை விரும்பாதவரிடமும் கேட்டு உண்மைகளைத் திரட்டியவர். 1890ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திறந்த மடல் தமியானின் குறைகளை மறைக்கவில்லை. சினமும் பிடிவாதமும் ஒழுங்கின்மையும் அவரிடம் இருந்தமையை அது ஏற்றுக்கொண்டது. ஆனால், பிறர் தம் வீடுகளில் நலமாக இருந்தபோது தமியான் அங்குச் சென்றார், வாழ்ந்தார், மாண்டார் என்ற உண்மையின்முன் அக்குறைகள் எம்மாத்திரம் என்பதே அம்மடலின் சாரம்.

பணியின் தொடர்ச்சி

தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873ஆம் ஆண்டில், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். அறிவியல் நோயின் வேரைத் தேடத் தொடங்கிய காலத்தில், அன்பு நோயாளரின் கையைப் பற்றிக்கொண்டிருந்தது. 1940களில் பயன்தரும் மருந்துகள் வந்தன. ஹவாயில் தனிமைப்படுத்தும் சட்டம் 1969ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. இன்று தொழுநோய் கூட்டுமருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோயே ஆகும்.

1936ஆம் ஆண்டில் தமியானின் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டுவரப்பட்டு லூவேனில் அடக்கம் செய்யப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அவர் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது, அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காய் மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டு, பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. புண்களைக் கழுவிய கை. பலகை அறுத்த கை. சவப்பெட்டி செய்த கை. தங்களுக்கு உரியது எது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தமியானின் தாய்நாட்டிலிருந்து வந்த பணி தமிழ் மண்ணையும் தொட்டது. பெல்ஜிய மருத்துவர் பிரான்சு ஹெமரிக்ஸ் 1955ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளரை ஊரைவிட்டு விலக்காமல், அவர்கள் வாழும் ஊர்களுக்கே சென்று மரத்தடியில் மருத்துவம் செய்யும் முறையை அவர் கையாண்டார். தமியானின் பெயர் தாங்கிய அறக்கட்டளை இந்தியாவில் தொழுநோய், காசநோய் ஒழிப்புப் பணிகளில் ஈடுபட்டு வருகிறது.

தமியான் பிறவியிலேயே குறையற்றவராக இருந்தவர் அல்லர். விரைவில் சினம் கொள்பவர். தாம் எண்ணியதை விடாதவர். ஆனால், தம் கிறித்தவ நம்பிக்கையைச் சொற்களில் மட்டும் வைத்திராமல் கைகளுக்குக் கொண்டுவந்தவர். மருந்தில்லாத காலத்தில் அவரால் நோயைக் குணப்படுத்த முடியவில்லை. நோயாளர் மீது சுமத்தப்பட்ட தனிமையைக் குணப்படுத்த முடிந்தது. மருந்து வந்துவிட்ட இக்காலத்திலும் நோயின் பெயரால், பிறப்பின் பெயரால், வறுமையின் பெயரால் ஒதுக்கப்படுவோர் நம்மிடையே உள்ளனர். அவர்களைச் சுட்டும்போது அவர்கள் என்கிறோமா, நாம் என்கிறோமா என்பதில்தான் தமியானின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடம் அடங்கியுள்ளது.